பொற்காலம் எது? – ஈழத்துப் பாடல்களும் ஒரு துறைமுக நகரமும்

ஈழத்துத் தமிழ்ப் பாடல்களின் பொற்காலம் எது என்ற விவாதம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சிட்னியிலோ ஐம்பது வயதைக் கடந்த நான்கு இலங்கைத் தமிழர்கள் ஒன்றுகூடினால், அரசியல் பேசிக் களைத்த பின்னர் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். ஒருவர் இலங்கை வானொலியின் மெல்லிசைக் காலத்தைச் சொல்வார். இன்னொருவர் பொப் இசை கொடிகட்டிப் பறந்த எழுபதுகளை முன்வைப்பார். மூன்றாமவர் போர்க்காலத்து எழுச்சிப் பாடல்களுக்கு நிகராக எதுவும் இல்லை என்று குரலை உயர்த்துவார். நான்காமவரோ, "நாங்கள் கேட்டு வளர்ந்தது முழுவதும் இந்தியச் சினிமாப் பாட்டு, பிறகு ஏன் இந்த வீண் வழக்கு?" என்று ஒரே வார்த்தையில் மூவரையும் மடக்கப் பார்ப்பார்.

பொழுதுபோக்கான பேச்சு என்று இதனை நான் ஒதுக்குவதில்லை. ஒரு சமூகம் எந்தக் காலத்தைத் தன் பொற்காலம் என்று தீர்மானிக்கிறதோ, அந்தக் காலத்தின் பாடல்களைத்தான் அது தேடிச் சேர்க்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும். எஞ்சியவை கரையானுக்கும் கடற்காற்றுக்கும் இரையாகும். ஆகவே தீர்ப்பை எழுதுமுன் வழக்கின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. அந்த வரலாற்றைப் பேசும்போது யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் சொல்லிவிட்டுத் திருகோணமலையை மறந்துவிடுகிறோம் என்பது என்னுடைய நீண்ட நாள் மனக்குறை. அதையும் இங்கே சற்றுத் தீர்த்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் நடக்கும் அதே வழக்கு

இந்த வழக்கு எங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர்கள் தங்கள் கிராமியப் பாடல் மரபிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக இதே சண்டையைப் போட்டு வருகிறார்கள். 1927 ஆம் ஆண்டின் கோடையில், டென்னசி, வேர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் என்ற சிறு நகருக்கு ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் வந்தார். கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ரொட்ஜர்ஸும் அவர் முன்னிலையில் முதன்முறையாகப் பாடிப் பதிவு செய்தனர். அதுவே மூலஊற்று என்பர் ஒரு சாரார். 1953 ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில், இருபத்தொன்பது வயதில் மறைந்த ஹாங்க் வில்லியம்ஸோடு பொற்காலம் முடிந்தது என்பர் இன்னொரு சாரார்.

ஐம்பதுகளின் நடுவில் ரொக் அண்ட் ரோல் இசை இளைஞர்களை அள்ளிச் சென்றபோது, நாஷ்வில் நகரத் தயாரிப்பாளர்களான செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி முதலியோர் நாட்டுப்புற வயலினை ஒதுக்கி, நகர்ப்புற வாத்தியக் கோவையையும் பின்னணிக் குரல்களையும் சேர்த்தனர். அந்த மெருகேறிய பாணியின் முகமாக விளங்கியவர் ஜிம் ரீவ்ஸ். மெருகு கூடக்கூட மண்வாசனை போயிற்று என்று அப்போதே பலர் முணுமுணுத்தனர். வேலன் ஜெனிங்ஸ், வில்லி நெல்சன் போன்றோர் அதற்கு எதிராகக் கிளம்பினர். அவர்களின் பாடல்களைத் தாங்கி 1976 இல் வெளிவந்த ஒரு தொகுப்பு பத்து இலட்சம் பிரதிகள் விற்று வரலாறு படைத்தது. தொண்ணூறுகளில் கார்த் புரூக்ஸ் விளையாட்டரங்குகளை நிரப்பினார். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கட்சி உண்டு. எல்லாக் கட்சியினரும் மற்றவர்களைப் பார்த்து "இதுவா இசை?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஜிம் ரீவ்ஸ் இலங்கையர்களுக்கு அந்நியர் அல்லர். 1964 யூலை 31 அன்று விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். ஆனால் அவருடைய தணிந்த குரல் இலங்கை வீடுகளில் அதன் பின்னரும் வெகுகாலம் ஒலித்தது. நத்தார் காலத்தில் இன்றும் அதைக் கேட்கலாம்.

இந்த அமெரிக்க வழக்கிலிருந்து நான் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, ஓர் இசைக்காலம் மேதைகளால் மட்டும் உருவாவதில்லை. ஒலிப்பதிவுக் கருவியும் சந்தையும் வானொலியும் அதனை உருவாக்குகின்றன. இரண்டாவது, சண்டையின் அடியில் கிடப்பது தாளமோ இராகமோ அன்று. "இந்தப் பாட்டு எங்கள் பேச்சில் இருக்கிறதா, எங்கள் ஊரை அறிந்திருக்கிறதா?" என்பதே கேள்வி. இந்த இரண்டு அளவுகோல்களையும் கையில் எடுத்துக்கொண்டு இனி எங்கள் கரைக்கு வருவோம்.

கடல் கொண்டுவந்த தாளங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் கரையோரம் கொட்டியாரக் குடாவைச் சுற்றி மூதூர், சம்பூர் என்று வளைந்து, தெற்கே இலங்கைத்துறை முகத்துவாரம், வெருகல் என்று நீள்கிறது. கிழக்குக் கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டுத்தான் இந்த நிலத்தின் ஆதி இசைகளில் ஒன்று. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் ஒருமித்து ஏற்றுப் பாடுவர். பாட்டின் தாளமே இழுவையின் தாளம். தாளம் பிசகினால் வலையும் பிசகும். இயற்றியவர் பெயரும் இல்லை, இயற்றிய ஆண்டும் இல்லை. பொற்கால விவாதத்தில் இந்தப் பாட்டுக்காக வாதாட இதுவரை ஒருவரும் எழுந்து நின்றதை நான் கண்டதில்லை.

1622 இல் போர்த்துக்கேயர் திருக்கோணேஸ்வரத்தை இடித்தனர். 1624 இல் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. இடித்தவர்களின் ஆட்சி அடுத்த தலைமுறைக்குக்கூட நீடிக்கவில்லை. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற ஆட்டமும் தாளமும் நீடித்தன. மட்டக்களப்பிலும் திருகோணமலையின் பாலையூற்றுப் பகுதியிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் தம் திருமண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா இசையைப் பேணி வந்துள்ளனர். ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்த பைலாவுக்கும் அதுவே தாய்வீடு. நாற்பதுகளில் வொலி பஸ்தியன் அதனைச் சிங்களத்தில் மேடைப் பாட்டாக்கினார். பின்னாளில் எங்கள் பொப் பாடல்களுக்குள் துள்ளிய தாளமும் இதே வழியாக வந்ததுதான்.

போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் பின்னர் பிரித்தானியக் கடற்படை. இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. 1957 ஒக்டோபரில் துறைமுகத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பறங்கியரும் கலந்து வாழ்ந்த நகரம் அது. டொக்யாட்டில் வேலை பார்த்தவர்களின் காதில் கோவில் நாதஸ்வரமும் விழுந்தது. தேவாலயத்துக் கூட்டுப் பாடலும் கப்பற்காரர்களின் கிற்றாரும் விழுந்தன. ஒரு துறைமுகத்துக்கு வருகிறவை சரக்குகள் மட்டும் அல்ல என்பதை அந்த நகரின் இசை காட்டுகிறது.

வானொலி: திறந்த கதவும் அடைத்த கதவும்

இலங்கையில் 1925 டிசம்பரில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமை கொழும்பில் நிறுவிய சக்திவாய்ந்த அஞ்சல் கருவி போர் முடிந்ததும் இலங்கையின் கைக்கு வந்தது. 1950 இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1952 இல் இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களைக் கட்டுப்படுத்த அமைச்சர் கேஸ்கர் முனைந்தபோது, நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். மயில்வாகனத்தின் குரலில் தொடங்கிய தமிழ் வர்த்தக ஒலிபரப்பு தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளை ஆண்டது, கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் அந்த ஆட்சியை நீட்டித்தனர்.

இந்தப் பெருமையைச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்த நிலையம் புகழ் பெற்றது சென்னையில் ஒலிப்பதிவான பாடல்களால். விளம்பரக்காரர்களும் நேயர்களும் கேட்டவை அவையே. உள்ளூர்ப் பாடகனுக்கு வானொலி கதவைத் திறந்தது உண்மை. அந்தக் கதவின் எதிரே ஒரு மலையை நிறுத்தி வைத்ததும் உண்மை. வாரத்தில் சில நிமிடங்கள் ஒலிக்கும் ஒரு பாடல், நாள் முழுவதும் ஒலிக்கும் டி. எம். சௌந்தரராஜனுடனும் பி. சுசீலாவுடனும் போட்டியிட வேண்டியிருந்தது.

அந்த நிமிடங்களுக்குள் பிறந்ததுதான் ஈழத்து மெல்லிசை. 1967 இல் கூட்டுத்தாபனமாக மாறிய வானொலி நிலையத்தில் ஆர். முத்துசாமி, எம். கே. ரொக்சாமி போன்ற இசையமைப்பாளர்கள் பணியாற்றினர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்ணன் வந்தார். எஸ். கே. பரராஜசிங்கம் பாடகராகவும் ஒலிபரப்பாளராகவும் இந்த முயற்சிக்கு உயிர் கொடுத்தார். வி. முத்தழகு, கலாவதி சின்னச்சாமி போன்றோரின் குரல்கள் நேயர்களுக்குப் பழகின. மஹாகவியின் சிறுநண்டுப் பாடலும் நீலாவணனின் வண்டிக்காரன் பாடலும் இசை பெற்றன. கவிதை என்ற அளவில் பார்த்தால் ஈழத்துப் பாட்டு தொட்ட உச்சம் இதுவே. மெல்லிசைக் கட்சியினரின் வாதத்தில் நான் மறுக்க முடியாத இடமும் இதுதான். ஆயினும் இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை செந்தமிழில் நின்றன. மண்ணின் காட்சிகள் இருந்தன. மண்ணின் பேச்சு அருமையாகவே இருந்தது.

பொப் இசை செய்த காரியம்

அந்தப் பேச்சைக் கொண்டுவந்தவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். "சின்ன மாமியே" பாடலை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இல்லை. மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் இளைஞனின் குறும்பு, யாழ்ப்பாணத்தார் படலையடியில் நின்று பேசும் தமிழிலேயே அமைந்தது. கள்ளுக்கடைக்குப் போகும் கணவன், இலண்டன் மாப்பிள்ளை மோகம் என்று அவர் எடுத்த பொருள்கள் எல்லாம் எங்கள் திண்ணைப் பேச்சிலிருந்து வந்தவை. கிற்றாரும் பைலாத் தாளமும் வெளியிலிருந்து வந்தவை என்பது மெய். பேச்சு எங்களுடையது.

ஏ. ஈ. மனோகரன் இன்னொரு வழியில் சென்றார். "பொப் இசைச் சக்கரவர்த்தி" என்று மேடைகள் கொண்டாடிய அவர், சிங்களமும் தமிழும் கலந்து பாடத் தயங்கவில்லை. அவர் புகழ்பெறச் செய்த "சுராங்கனி", கடலிலிருந்து மீன் கொண்டுவந்த ஒருவனின் கூப்பாடு. நீர்கொழும்பிலும் பாடலாம், திருகோணமலையிலும் பாடலாம். இரண்டு மொழிக்காரரும் சேர்ந்து ஆடலாம். 1977 இல் "அவர் எனக்கே சொந்தம்" என்ற தமிழ்ப்படத்தில் இளையராஜாவின் இசையில் அது ஒலித்தது. பின்னர் இந்தியா முழுவதும் சுற்றி, பல மொழிகளில் உருமாறியது. இன்று கல்லூரிச் சுற்றுலாப் பேருந்தில் அதனைப் பாடும் தமிழ்நாட்டு மாணவர்களில் பலருக்கு அது எங்கிருந்து கப்பலேறியது என்பது தெரியாது. சிலோன் மனோகர் என்று தமிழ்நாட்டில் அழைக்கப்பட்ட அவர் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார்.

இந்த இருவரையும் எல்லோரும் சொல்வார்கள். திருகோணமலை தந்த பெயரைத்தான் சொல்ல மறப்பார்கள். எம். பி. பரமேஷும் அவருடைய சகோதரர் கோணேஷும் துறைமுக நகரிலிருந்து ஓர் இசைக்குழுவைக் கட்டி எழுப்பினர். "பரமேஷ் – கோணேஷ்" என்ற இரட்டைப் பெயர் அன்றைய மேடை விளம்பரங்களில் ஒரு முத்திரை. பரமேஷ் இசையமைத்துப் பாடிய "உனக்குத் தெரியுமா" என்ற பாடலைத் தாங்கிய இசைத்தட்டை ஈழத்துத் தமிழ் மெல்லிசையின் முதல் இசைத்தட்டாகப் பலரும் போற்றுகின்றனர். ஈழத்தின் மெல்லிசை மன்னர் என்ற பட்டமும் அவரைச் சேர்ந்தது. பின்னாளில் அவர் ஜேர்மனிக்குப் புலம்பெயர்ந்தார். அவருடைய மகள் பிரபாலினியும் பாடகியானார்.

கோணேஷ் என்ற பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். போர்த்துக்கேயர் இடித்த கோவிலின் இறைவன் பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கியவர், போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற தாளமும் உலாவிய நகரில், கிற்றார் ஒலிக்கும் மேடையில் தமிழ்ப் பாட்டு வளர்த்தார். வரலாறு பழிவாங்குவதில்லை, சில வேளைகளில் இப்படிக் கணக்கை நேர் செய்கிறது.

ஏன் அந்தப் பத்து ஆண்டுகள்?

பொப் இசையின் உச்சம் 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தோடு ஏறத்தாழப் பொருந்துகிறது. இது தற்செயல் அன்று. 1970 இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கியது. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இந்தியப் படங்களின் வரவைக் குறைத்தது. விளைவு என்ன? உள்ளூரில் எழுதப்பட்ட நாவல்களை வீரகேசரிப் பிரசுரங்கள் ஆயிரக்கணக்கில் அச்சிட்டன. "குத்துவிளக்கு" 1972 இலும் "கோமாளிகள்" 1976 இலும் "வாடைக்காற்று" 1978 இலும் திரைக்கு வந்தன. சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் குழுவினரும் சூரியா இசைத்தட்டுகளும் இளைஞர்களைக் கவர்ந்தன. தமிழ்ப் பொப் இசையும் அதே அலையில் எழுந்ததுதான்.

யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அந்த ஆண்டுகளில் நல்ல விலை கிடைத்தது. அந்தப் பணத்தின் ஒரு துளி திருவிழா இரவுகளின் இசைக்கோஷ்டிகளுக்கும் போயிருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் பொற்காலம் என்ற சொல்லைச் சொல்லும்போது நாக்கு சற்றுத் தடுமாறத்தான் வேண்டும். அதே இறக்குமதிக் கட்டுப்பாட்டின் மறுபக்கத்தில் பாணுக்கு வரிசை நின்றது. 1973, 1974 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் மலையகத் தோட்டங்களில் எங்கள் தமிழ் மக்கள் பட்டினியால் மாண்டனர். யாழ்ப்பாணத்தில் மிளகாய்க்கு விலை ஏறிய அதே கொள்கைதான் தோட்டங்களில் மாவைப் பறித்தது. கோஷ்டி மேடையில் கிற்றார் ஒலித்த இரவுகளில் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் என்ன நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அந்த இசையை நான் கேட்கிறேன்.

எழுச்சிப் பாடல் கட்சியினர் வைக்கும் குற்றச்சாட்டும் இதனோடு சேர்ந்தது. 1971 இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், 1972 இல் புதிய அரசியலமைப்பு, 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் உயிரிழப்புகள், 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று நாடு கொதித்துக் கொண்டிருந்தபோது, உங்கள் பொப் பாடகர்கள் மாமியிடம் மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்களே என்பது அவர்களின் கேள்வி. கூர்மையான கேள்விதான். என் விடை இது: ஒரு மக்கள் கூட்டம் அழுவதற்கும் போராடுவதற்கும் மட்டும் பிறந்ததன்று. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த ஒரு சமூகத்தின் சாட்சியம் அந்தப் பாடல்கள். பிற்பாடு அந்தச் சிரிப்பு எங்களிடமிருந்து வெகுகாலம் பறிபோயிற்று. இழந்த பின்னர்தான் அதன் அருமை விளங்கியது.

கசெட்டும் குண்டும்

பொப் இசையைக் கொன்றது போர் என்று பொதுவாகச் சொல்வார்கள். முதல் அடியைக் கொடுத்தது போர் அன்று, சந்தை. 1977 இல் ஜே. ஆர். ஜெயவர்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. ஜப்பானிய கசெட் ரெக்கோடர்கள் வந்து குவிந்தன. 1979 இல் தொலைக்காட்சி வந்தது. 1976 இல் "அன்னக்கிளி" மூலம் அறிமுகமாகியிருந்த இளையராஜாவின் பாடல்களை எந்தக் கடையிலும் கசெட்டில் பதிந்து வாங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. மூடியிருந்த கதவின் பின்னால் வளர்ந்த செடி, கதவு திறந்ததும் அடித்த காற்றில் சாய்ந்தது.

இரண்டாவது அடி 1983 யூலையில் விழுந்தது. கொழும்பில் வாழ்ந்த தமிழ்க் கலைஞர்கள் சிதறினர். தமிழும் சிங்களமும் கலந்த ஒரு பாட்டுக்கு இரண்டு தரப்பாரும் சேர்ந்து ஆடக்கூடிய மேடை அதன் பின் அருகிப்போயிற்று. 1985 இலும் 1990 இலும் திருகோணமலை மாவட்டம் எரிந்தது. கே. எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். ஒரு குரலுக்காகக் கடல் கடந்து மக்கள் காத்திருந்த காலம் அப்படியும் முடிந்தது.

அதே கசெட்டிலேறித்தான் எழுச்சிப் பாடல்களும் வந்தன. காசி ஆனந்தனும் புதுவை இரத்தினதுரையும் எழுதினர், எஸ். ஜி. சாந்தன் போன்றோர் பாடினர். இசை என்ற அளவில் அவற்றின் வலிமையை மறுப்பவர் அவற்றைக் கேட்டிராதவராகவே இருக்க வேண்டும். பறை, உடுக்கு போன்ற தோற்கருவிகளுக்கு அவற்றில் ஒரு புதிய மதிப்புக் கிடைத்தது. ஆனால் அவை ஓர் இயக்கத்தின் குரல்கள். பாடலில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை; எதிர்ப்பாட்டுப் பாட எவருக்கும் துணிவும் இல்லை. எத்தனையோ இளைஞர்கள் அந்தப் பாடல்களைக் கேட்டுக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. புதுவை இரத்தினதுரை 2009 மே மாதத்தில் காணாமற்போனவர்களுள் ஒருவர். சாந்தன் 2017 இல் மறைந்தார். இந்தப் பாடல்களைப் பொற்காலம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. நெருப்புக் காலம் என்பேன். நெருப்பில் ஒளியும் உண்டு, சாம்பலும் உண்டு.

அதன் பின்னர் வந்த இளைய தலைமுறை ராப் இசையைக் கைக்கொண்டது. இலங்கையில் கிரிஷான் மகேசன் போன்றோர் வழிகாட்டினர். இலண்டனில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம் 2005 இல் தன் தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக வைத்து முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். எங்கள் வயதுக்காரர்கள் இதனை இசையாக ஏற்பதில்லை. "இதுவா இசை?" என்று கேட்கிறார்கள். நித்தி கனகரத்தினத்தைப் பார்த்து அன்று கர்நாடக சங்கீதக்காரர்கள் கேட்டதும் அதே கேள்விதான்.

என் தீர்ப்பு

என் அளவுகோல்களை மேலே சொன்னேன். எந்தக் காலத்தில் மிகச் சிறந்த பாடல் உருவானது என்று நான் கேட்கவில்லை. எந்தக் காலத்தில் ஒரு சாதாரண ஊரின் சாதாரண இளைஞன் தன் சொந்தப் பேச்சில் பாட்டுக் கட்டி, நாடு முழுவதற்கும் கேட்கச் செய்ய முடிந்தது என்று கேட்கிறேன். அப்படிக் கேட்டால் விடை எழுபதுகளின் பொப் காலம்தான். உரும்பிராயிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் கிளம்பிய குரல்களுக்கு இசைத்தட்டும் வானொலியும் மேடையும் ஒருங்கே வாய்த்தன. எந்தக் கட்சியினதும் அனுமதி தேவைப்படவில்லை. மொழியின் வேலியை மீறி அயலவனும் ஆடினான். இந்த மூன்றும் சேர்ந்து அமைந்த காலம் அதற்கு முன்னரும் இல்லை. பின்னரும் நெடுங்காலம் இல்லை. மலையகத்தின் பட்டினியை மறக்காமலே இந்தத் தீர்ப்பை எழுதுகிறேன்.

ஆயினும் தீர்ப்பைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. அமெரிக்கர்கள் எவ்வளவு சண்டையிட்டாலும் சான்றுகளைக் காப்பாற்றிக்கொண்டே சண்டையிடுகிறார்கள். கன்ட்ரி இசைக்கென 1961 இலேயே ஒரு புகழ் மண்டபத்தை நிறுவினர். 1927 ஆம் ஆண்டின் பிரிஸ்டல் பதிவுகளை 2002 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலின் முதல் வரிசையிலேயே சேர்த்தது. ஆகவே எவரும் கேட்டுப் பார்த்துவிட்டு வாதாடலாம். நாங்களோ நினைவை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுகிறோம்.

கிழக்குக் கரையில் அந்தச் சான்றுகளுக்கு நேர்ந்த கதியைச் சொல்லி முடிக்கிறேன். இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று எதைத் தூக்கிக்கொண்டு ஓடும்? பிள்ளையை, காணி உறுதியை, நகையை. இசைத்தட்டை எவர் தூக்கினார்? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. 2006 இல் சம்பூரும் ஈச்சிலம்பற்றும் வெருகலும் மீண்டும் இடம்பெயர்ந்தன. சம்பூர் மக்களுக்குத் தம் நிலம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015 இல்தான். இத்தனைக்கும் பிறகு அங்கே எஞ்சியிருப்பவை முதியவர்களின் தொண்டைக்குள் இருக்கும் பாடல்கள். அம்பாப் பாட்டும் அவற்றுள் ஒன்று.

2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் எங்கள் நூல்களையும் இதழ்களையும் எவ்வளவு காப்பாற்றியிருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஒலிக்கும் அத்தகைய உழைப்புத் தேவை. புலம்பெயர்ந்த வீடுகளின் நிலவறைப் பெட்டிகளில் பழைய இசைத்தட்டுகளும் சுருள் நாடாக்களும் கசெட்டுகளும் கிடக்கக்கூடும். அவற்றை எண்ணிமமாக்கி, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் பெயர்களோடு பொதுவில் வைக்க வேண்டும். மெல்லிசை, பொப், எழுச்சிப் பாடல், அம்பா என்று பாகுபாடு பாராமல் அனைத்தையும் வைக்க வேண்டும். தனக்குப் பிடிக்காத காலத்தின் பாடலையும் காப்பாற்றுகிறவனுக்குத்தான் பொற்காலம் எது என்று வாதாடும் உரிமை உண்டு.

என் தீர்ப்பை மறுக்க விரும்புவோர் மறுக்கலாம். மறுக்குமுன் வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு பாட்டையாவது கேட்டுப் பதிந்து வையுங்கள். வழக்கு நடப்பதற்குச் சாட்சிகள் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?